நாலு மாப் இருந்த கட்டு

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் அரிசி டப்பா மேல் கிடந்தது. இன்றைக்கு ஏனோ தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் இன்று நாலு கேஸ். மூன்றாவது கேஸ் சண்முகக்கனி, வயது நாற்பத்து நாலு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கர்ப்பப்பை எடுத்தோம். நடுவில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. டாக்டர் சிதம்பரநாதன் கெட்டிக்காரர், சமாளித்துவிட்டார்.

ஒரு மாப் கட்டில் நாலுதான் இருந்தது. ஐந்து இருக்க வேண்டும். கட்டுகிற மாடத்தியின் கவனக்குறைவு. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஈவு இரக்கம் கிடையாது.

பாத்ரூம் குழாய் சொட்டுகிறது.

ஜூன் 4, செவ்வாய்

மாடத்தியைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து மாப் கட்டியவள். போகும்போது தியேட்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கையுறைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப் என்றால் தரை துடைப்பது என்று என் தம்பி பெண்டாட்டி நினைத்துக்கொண்டிருக்கிறாள். ‘நர்சு வேலைன்னு சொன்னீங்க, மாப் போடுறதும் நீங்கதானா’ என்று ஒரு தடவை கேட்டாள். வயிற்றைத் திறந்ததும் உள்ளே ரத்தம் ஒற்ற வைக்கும் துணி மடிப்பு அது. உள்ளங்கையை விடப் பெரிது. ரத்தத்தில் ஊறிவிட்டால் குடலுக்கு நடுவே எது துணி, எது சதை என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எத்தனை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று எண்ணுகிறோம். வயிற்றை மூடுவதற்கு முன் டாக்டர் ‘கவுண்ட்?’ என்பார். நான் ‘கரெக்ட் சார்’ என்பேன். பதினேழு வருடமாக என் வாயிலிருந்து அந்தப் பதில் வந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

தரச்சான்று ஆய்வுக்கு வருகிறார்களாம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு பாதுகாப்புப் படிவம் உண்டு. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி வெளியே போவதற்கு முன் என்று மூன்று முறை நிறுத்தி, சரிபார்த்து, டிக் போட வேண்டும். எங்கள் ஆட்கள் காலை எட்டு மணிக்கே மூன்று கட்டத்திலும் டிக் போட்டுவிடுகிறார்கள். நோயாளி அப்போது வார்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். இதைப் போல அக்கிரமம் உண்டா என்று இன்று எல்லோரையும் நிற்கவைத்துச் சத்தம் போட்டேன்.

ஹேமா மட்டும் சிரித்தாள். ‘உங்க கையெழுத்தும் காலைலயே விழுந்துருதே சீலிக்கா’ என்றாள். என் விஷயம் வேறு. கைகழுவி, கையுறை மாட்டி, டாக்டருக்குப் பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுக்க நின்றுவிட்டால் நான் பேனாவைத் தொட முடியாது. அதனால் முன்கூட்டியே போட்டுவிடுகிறேன். கையுறை போடாமல் தள்ளி நிற்கும் ஹேமா மீதியை எழுதிக்கொள்வாள். அது வசதிக்காகச் செய்வது.

ஜூன் 10, திங்கள்

மதியம் ஹேமா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்தாள். பதினோரு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. வாரம் முழுவதும் நான் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த இருபது நிமிஷம்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அந்தக் கட்டுல நாலுதான் இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களாக்கா?”

எந்தக் கட்டு என்று கேட்டேன். அவள் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். புளி கொஞ்சம் தூக்கல்.

ஜூன் 11, செவ்வாய்

சண்முகக்கனி வீட்டுக்குப் போனாள். தையல் பிரித்தாகிவிட்டது. ஜுரம் நூறுக்குக் கொஞ்சம் கீழே, அது பெரிய விஷயம் இல்லை. வார்டில் எனக்கு வேலை கிடையாது, இருந்தாலும் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் ஏதோ கனமாக இருக்கிறது என்றாள். ஆபரேஷன் ஆன உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்கதான் எங்கூட உள்ள இருந்தீங்களாம்ல சிஸ்டர், நல்லா இருப்பீங்க’ என்றாள்.

ராத்திரிக்கு உப்புமா. பாதிதான் சாப்பிட முடிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

டியூட்டி முடிந்து எல்லோரும் போனபின் ஸ்டோரைத் திறந்து, மாடத்தி கட்டி வைத்துவிட்டுப் போன கட்டுகளைப் பிரித்து எண்ணினேன். ஸ்டாக் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையதுதானே. இருபத்திரண்டு கட்டு. எல்லாவற்றிலும் ஐந்து.

பிரித்ததையெல்லாம் மறுபடி கட்டி, கிருமி போக நீராவிப் பெட்டியில் வைக்க வேண்டியதாகிவிட்டது.

ஜூன் 19, புதன்

முப்பத்தொரு கட்டு. ஐந்து.

ஏன் மறுபடி நீராவிக்குப் போகிறது என்று ஹேமா கேட்டாள். அலமாரியில் பல்லி ஓடியது என்றேன்.

ஜூன் 20, வியாழன்

பழைய அலமாரியின் அடித்தட்டில் பதினெட்டு. ஐந்து, ஐந்து, ஐந்து. ஒன்றே ஒன்று நாலாக இருந்தால் போதும். சர்ச்சில்கூட நான் இவ்வளவு உருக்கமாக ஜெபித்தது கிடையாது.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். ஆயர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி நாசரேத்திலிருந்து போன் செய்தான். எப்படி இருக்கே அக்கா என்றான். குழாய் சொட்டுகிறது என்றேன். ஆளைப் பார்த்து மாத்து என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் வைத்தபிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

சண்முகக்கனி வந்திருக்கிறாள். ஜுரம் நூற்றிரண்டு. முகம் வற்றிவிட்டது. டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, உள்காயத்தில் சீழ் இருக்கும் என்று மாத்திரை எழுதி அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்துத் தைத்த மாப் விற்கிறது. எங்கள் மாப் வெறும் துணி. அது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. இது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

புருஷன் தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

துணி வெளுக்கும் இடத்துக்குப் போனேன். மாடத்தி விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். கை சலவைச் சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தது. எப்போதாவது கட்டில் ஒன்று குறைந்திருக்குமா, நன்றாக யோசித்துச் சொல் என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் போனேன்.

மாடத்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னை மாப் அறைக்குக் கூட்டிப்போனாள். மேசை மேல் வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கிறது. ஒரு வரிசையில் ஐந்து டைல்ஸில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு. போன வருடம் அதைப் பார்த்து, அழுக்கு, தேய்த்துக் கழுவு என்று திட்டியிருக்கிறேன். அது நகப்பூச்சு.

“எனக்கு எண்ணத் தெரியும் சிஸ்டரம்மா. ஆனா பேச்சுக்குடுத்தா மறந்துரும். அதுக்குத்தான் இது. ஒவ்வொரு பொட்டு மேலயும் ஒவ்வொண்ணா விரிப்பேன். அஞ்சு பொட்டும் மறைஞ்சாத்தான் அள்ளிக் கட்டுவேன். ஒண்ணு கொறைஞ்சா பொட்டு தெரிஞ்சிரும்லா?”

தெரியும். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“நாலுன்னு நீங்க எழுதிக் குடுத்த அன்னைக்கே மேனேசர் சார்ட்ட இதத்தான் சொன்னேன். யாரு வந்து பாத்தா?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

ஜூன் 29, சனி

இனி எழுதிவிட வேண்டியதுதான்.

மூன்றாம் தேதி சண்முகக்கனிக்கு ரத்தம் பொங்கியபோது டாக்டர் மாப் மாப் என்று கேட்டார். இரண்டு கட்டு ஏற்கெனவே திறந்திருந்தது. ஹேமா மூன்றாவது கட்டைப் பிரித்து என் தட்டில் கொட்டினாள். கட்டைத் திறக்கும்போதே இருவரும் சத்தமாக எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணவில்லை. கட்டு என்றால் ஐந்து, அதை என்னத்துக்கு எண்ணுவது என்பது எங்கள் எல்லோருடைய பழக்கம். போர்டில் பதினைந்து என்று எழுதினாள்.

ரத்தம் நின்றது. அடுத்த கேஸுக்கு ஆளை வெளியே படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் ஊசியை வாங்கிக்கொண்டே ‘கவுண்ட்?’ என்றார். ஹேமா ஸ்டாண்டில் தொங்கிய மாப்களை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவள் கண்தான் தெரிந்தது. பத்தும் நாலும் விரல் காட்டினாள்.

பதினாலு. ஒன்று குறைகிறது.

பதினேழு வருடத்துக்கு முன் ஒரு சிஸ்டர் இதே இடத்தில் நின்று, நிறுத்துங்க சார் என்று சொன்னாள். அவர் நிறுத்தித் தேடினார். நாற்பது நிமிஷம். மாப் கீழே குப்பைக் கூடைக்குப் பின்னால் கிடந்தது. எண்ணத் தெரியாதவளெல்லாம் தியேட்டருக்கு எதுக்கு என்றார். அடுத்த வாரம் அவளை வார்டுக்கு அனுப்பினார்கள். அவள் இடத்துக்கு வந்தவள்தான் நான். அன்றைக்கு அவளுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

எல்லாம் ஒரு நொடி. கடைசிக் கட்டில் நாலுதான் இருந்திருக்கும் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ‘கரெக்ட் சார்’ என்றேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஹேமா குனிந்து பதினைந்து, பதினைந்து என்று எழுதினாள். கீழே என் கையெழுத்து காலையிலேயே காத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாடத்தி மேல் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டில் நாலு இருந்தது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன் போல. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். ரெஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்தார்.

“பதினஞ்சு பதினஞ்சுன்னு இருக்கே சிஸ்டர். கையெழுத்து உங்களுது.”

கையெழுத்து எட்டு மணிக்குப் போட்டது, கேஸ் பன்னிரண்டு மணிக்கு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாத்திரை முடியட்டும், அடுத்த வாரம் வரட்டும், பார்க்கலாம் என்றார். ஆய்வு பத்தாம் தேதி. அதை அவர் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஹேமாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, இருந்தாலும் வாயால் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“பதினாலுன்னு நான் காட்டுனேன்லக்கா. நீங்க சொன்னதுனால எழுதுனேன். இப்ப நீங்க நல்லவங்களா ஆயிருவீங்க, நான் பொய் எழுதுனவளா நிப்பேன்.”

டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு பக்கம் சாப்பிடப் போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஜூலை 4, வியாழன்

ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அடிப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

லீவு போட்டு எட்டயபுரம் பஸ் ஏறினேன். ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் சண்முகக்கனி வீடு என்றால் காட்டிவிட்டார்கள். பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி வந்திருக்கிறார்கள் என்று புருஷன் காளிராஜ் குடிக்கக் கலர் வாங்க ஓடினார். அவர் திரும்பி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

சொன்னேன். வயிற்றுக்குள் ஒரு துணி இருக்கலாம், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், எங்கள் ஆஸ்பத்திரிதான் என்று இல்லை, எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன்.

காளிராஜ் கலர் பாட்டிலைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். சண்முகக்கனிதான் கேட்டாள்.

“எண்ண மாட்டீங்களா சிஸ்டர்?”

“எண்ணினோம். ஒண்ணு கொறஞ்சுது.”

“பெறகு?”

“சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நல்லா இருப்பீங்க என்று சொன்ன அதே பெண். காளிராஜ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது எனக்கு வேண்டியதுதான். அப்புறம் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

ஜூலை 6, சனி

வெளியே எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் ஏதோ இருக்கிறது என்று வந்துவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திங்கட்கிழமை திறக்கலாம் என்றார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று காளிராஜ் சொல்ல, டாக்டரும் சரி என்றார். கடைசியில் சண்முகக்கனிதான், வச்சவங்களே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

நீங்கள்தான் நிற்க வேண்டும் என்றார் டாக்டர் என்னிடம். தண்டனையா, நம்பிக்கையா என்று தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலையில் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

முதல் கட்டைத் திறந்தபோது நான் சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று. ஹேமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் அவளும் கூடவே எண்ணினாள். இரண்டாவது கட்டையும் அப்படியே. டாக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். போர்டில் பத்து.

குடல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. விலக்கி விலக்கிப் போக ஒன்றரை மணி நேரம் ஆனது. கல்லீரலுக்குக் கீழே இருந்தது. டாக்டர் அதை என் தட்டில் வைத்தார். நாற்றத்தில் மயக்க மருந்து டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. முனையில் மாடத்தி தைத்த நாடா அப்படியே இருந்தது.

மூடும் நேரம் வந்தது. டாக்டர் ‘கவுண்ட்?’ என்று கேட்டார். எண்ணினோம். இன்னொரு தடவை எண்ணினோம்.

“பத்து திறந்தோம் சார். பதினொண்ணு இருக்கு” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஊசி கேட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

சண்முகக்கனிக்கு ஜுரம் இறங்கிவிட்டது. வார்டு வாசல் வரை போனேன். காளிராஜ் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

ஜூலை 11, வியாழன்

ஆய்வு நேற்று முடிந்தது. நிர்வாகத்துக்கு எழுத்தில் எல்லாவற்றையும் கொடுத்தேன், மாடத்தியைப் பற்றியும். ஹேமா பதினாலு காட்டினாள் என்பதையும் எழுதினேன். அவளுக்கு அது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்து, நடந்தது அதுதான் என்று எழுதிவிட்டேன். ஹேமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். என்னைத் தியேட்டரை விட்டு எடுத்துவிட்டார்கள். போலீஸ், கோர்ட்டு என்று போனால் காளிராஜ் பக்கம் நின்று சாட்சி சொல்வேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அதற்கப்புறம் நடையில் என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் போனில் ஏதோ வேலை வந்துவிடுகிறது.

என்னை மாப் அறைக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 13, சனி

பிளம்பரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கடையில் வாஷர் வாங்கி நானே மாற்றினேன். சொட்டுவது நின்றுவிட்டது. இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இதற்கு அதுவே தேவலை.

ஜூலை 17, புதன்

மாடத்தியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மன்னித்துக்கொள் என்றேன். அவள் துணியை விரித்துக்கொண்டே, ‘பொட்டு அழிஞ்சிருக்கு, நகப்பூச்சு வாங்கிட்டு வாங்க’ என்றாள். சாயங்காலம் நல்ல சிவப்பாகப் பார்த்து வாங்கினேன்.

ஜூலை 20, சனி

சண்முகக்கனி வீட்டுக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படியில் தானே இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாப் அறைக்கும் தியேட்டருக்கும் நடுவில் கட்டு கொடுப்பதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கட்டை வைத்துவிட்டுத் தட்டினால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். ஹேமாவின் கை வரும். கையில் அவள் போட்டிருக்கும் கறுப்புக் கயிறு எனக்குத் தெரியும். பதினைந்து நாளாகக் கை மட்டும்தான் வருகிறது, பேச்சு இல்லை. நான் தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் அது பொய்.

இன்று மதியம் ஒரு அவசர கேஸ். அங்கே ஓடுவதும் கருவிகள் மோதுவதும் இந்தப் பக்கம் கேட்டது. கட்டு வேண்டும் என்று ஜன்னலைத் தட்டினார்கள். கொடுத்தேன். அவசரத்தில் ஜன்னலை மூட மறந்துவிட்டார்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று ஹேமாவின் குரல் கேட்டது. உதட்டை மட்டும் அசைத்து நானும் கூட எண்ணினேன். ஐந்து வந்ததும் மூச்சு விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரின் குரல் வந்தது. ‘கவுண்ட்?’

பதில் இல்லை.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது, பதினேழு வருடப் பழக்கம். மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் பதில் இல்லை. மாடத்தியும் கையை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் மறுபடி கேட்டார், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

“இன்னும் எண்ணி முடிக்கல சார்” என்றாள் ஹேமா. “இருங்க.”

அவர் இருந்தார். கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. மாடத்தி குனிந்து ஐந்தாவது பொட்டின் மேல் துணியை விரித்தாள்.